கண் ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுக்க தனிப் பயிற்சி வேண்டுமா?

கோபிசெட்டிபாளையத்துக்காரர் ஒரு இளம் டாக்டர் கேட்டிருக்கிறார். மயக்கவியலில் எம்.டி. முடித்து மூன்று வருடம் ஆகிறது, ஈரோட்டில் பெரிய மருத்துவமனை ஒன்றில் வேலை. சிசேரியன், எலும்பு முறிவு, குடல்வால் என்று எல்லாவற்றுக்கும் மயக்கம் கொடுத்துப் பழகியவர். இப்போது கோவையில் ஒரு கண் மருத்துவமனை கூப்பிடுகிறதாம். "கண்ணுக்கு என்னங்க இருக்கு, ஸ்டாண்ட்பை நின்னாப் போதும்கறாங்க. இதுக்குப் போயி தனியா மாசக்கணக்குல பயிற்சி எடுக்கோணுமா? எடுத்தா எதைக் கத்துக்கோணும்?" இதுதான் கேள்வி.

எடுக்க வேண்டும். ஆனால் நீங்கள் நினைக்கிற காரணத்துக்காக அல்ல.

கண்ணுக்குப் பக்கத்தில் ஊசி போடுவது கைக்குச் சீக்கிரம் வந்துவிடும். முதுகுத் தண்டில் ஊசி போடத் தெரிந்தவருக்கு இது பெரிய விஷயமே இல்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பொது மருத்துவமனையில் நோயாளியின் தலைமாட்டில் நிற்பது நீங்கள். கண் தியேட்டரில் அந்த இடம் சர்ஜனுக்குப் போய்விடும். முகம் முழுக்கத் துணிக்கு அடியில் இருக்கும். மூச்சுக் குழாய் உங்கள் கைக்கு எட்டாது. நாற்பது கிலோ எடையுள்ள எண்பது வயதுப் பாட்டி அடியில் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பது மானிட்டரில் ஓடும் கோட்டிலும் அவர் விரல் அசைவிலும்தான் தெரியும். அப்புறம், தனிக் கண் மருத்துவமனைகள் பலவற்றில் ஐ.சி.யு. இருக்காது, இதய டாக்டர் இருக்கமாட்டார். அந்தக் கட்டடத்தில் இதயம், நுரையீரல், சர்க்கரை, வலிப்பு எல்லாவற்றுக்கும் நீங்கள் ஒருவர்தான். ஸ்டாண்ட்பை என்ற சொல்லே எனக்குப் பிடிப்பதில்லை. பஸ் ஸ்டாண்டில் நிற்பதுபோல் ஒரு எண்ணத்தைக் கொடுத்துவிடுகிறது.

முதலில் உடற்கூறு. எம்.டி. பரீட்சைக்குப் படித்தது போதாது. ஒரு மண்டையோட்டைக் கையில் எடுத்து கண்குழிக்குள் விரலை விட்டுப் பாருங்கள். பின்னால் குறுகிக்கொண்டே போகும் ஒரு புனல் அது. கொள்ளளவு சுமார் 30 மில்லி. அதில் கண்விழி 7 மில்லிதான். மிச்சம் கொழுப்பு, தசை, நரம்பு, இரத்தக் குழாய். நான்கு நேர்த்தசைகள் சேர்ந்து ஒரு கூம்பாக நிற்கின்றன. அந்தக் கூம்புக்குள் மருந்து போனால் ரெட்ரோபல்பார், வெளியே விட்டால் பெரிபல்பார். உள்ளே 3, 4 மில்லி போதும். வெளியே என்றால் 5 முதல் 8 வரை கொடுத்து, அது ஊறி உள்ளே போகக் காத்திருக்க வேண்டும். ஊறுவதற்குத்தான் ஹையலூரானிடேஸ் சேர்க்கிறோம். அது இல்லாமல் லிக்னோகெய்ன், பியூபிவகெய்ன் என்ற மரக்க வைக்கும் மருந்துகளை மட்டும் கொடுத்தால் மருந்து ஒரே இடத்தில் குளம்போல் நிற்கும். தசைக்கும் கேடு. ஆபரேஷன் நன்றாக முடிந்தும் எல்லாம் இரண்டு இரண்டாகத் தெரிகிறது என்று நோயாளி திரும்பி வருவதற்கு இது ஒரு காரணம்.

பழைய தியேட்டர்களில் இன்றும் ஒரு குரல் கேட்கும். "மேலே பாருங்கம்மா, மூக்குப் பக்கமாப் பாருங்க." ஆட்கின்சன் என்ற அமெரிக்கக் கண் டாக்டர் 1936இல் எழுதிய முறை அது. கீழ் வெளிப்பக்கம் ஊசி குத்தும்போது கண் வழிவிட்டு ஒதுங்கும் என்று எண்ணினார்கள். நாற்பத்தைந்து வருடம் கழித்து, 1981இல், சி.டி. ஸ்கேனில் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. அப்படிப் பார்க்கச் சொன்னால் பார்வை நரம்பு விறைத்துக்கொண்டு நேராக ஊசியின் பாதைக்கே வந்து நிற்கிறது. நேராகப் பார்த்தால் நரம்பு தளர்வாகத் தொங்கும். ஊசி பட்டாலும் நகர்ந்துகொள்ளும். ஆகவே நோயாளி நேராகக் கூரையைப் பார்க்க வேண்டும். ஊசி 25 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். 38 மில்லிமீட்டர் ஊசி இன்னும் சில டிராலிகளில் கிடக்கிறது, கண்ணில் பட்டால் எடுத்துத் தூரப் போடுங்கள். பயிற்சிக்குப் போகும் இடத்தில் மூத்தவர் "மேலே பாருங்க" என்று சொன்னால் சண்டை போட வேண்டாம், ஆனால் பழகிக்கொள்ளவும் வேண்டாம்.

இப்போது பயிற்சியின் முக்கியமான பாடத்துக்கு வருகிறேன். யாருக்கு ஊசி போடக்கூடாது என்பதுதான் அது. லென்ஸ் பவர் கணக்கிட எல்லா கண்புரை நோயாளிக்கும் கண்ணின் நீளத்தை அளந்து ஒரு தாள் கொடுப்பார்கள். கண் டாக்டர் அதில் லென்ஸ் எண்ணைப் பார்ப்பார். நீங்கள் பார்க்க வேண்டியது நீளம். சாதாரணக் கண் 23 மில்லிமீட்டர் சொச்சம். 26ஐத் தாண்டினால் உஷாராகுங்கள். நீண்ட கண்ணின் சுவர் மெலிந்திருக்கும், பின்பக்கம் பலூன் புடைத்ததுபோல் புடைத்திருக்கவும் கூடும். ஊசி அதைத் துளைக்கும்போது கையில் தனியாக ஒன்றும் தெரியாது. நோயாளி வலி என்பார். வலி எல்லோரும் சொல்வதுதானே என்று விட்டுவிடுவோம்.

காங்கேயம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார், வயது நாற்பது சொச்சம். அந்த வயதில் புரையா என்று எனக்கு ஒரு யோசனை. கண்ணாடி போடுவீர்களா என்று கேட்டால் இல்லை என்றார். பையைத் திறந்து காட்டச் சொன்னேன். உள்ளே பாட்டில் அடி கனத்தில் ஒரு மைனஸ் கண்ணாடி. "ஆஸ்பத்திரிக்கு வாரப்ப போட்டுட்டு வந்தா நல்லாருக்காதுன்னு கழட்டி வெச்சுட்டனுங்க." தாளில் நீளம் 29க்கு மேல். வெளிப்படையாகவே எழுதியிருந்தது, யாரும் படிக்கவில்லை. அன்று ஊசி இல்லை. சொட்டு மருந்திலேயே பேகோ, அதாவது அல்ட்ராசவுண்டால் புரையைக் கரைத்து எடுக்கும் ஆபரேஷன், முடிந்தது. சாயங்காலம் அவர் காபி குடித்துவிட்டுப் பஸ் ஏறினார். இது ஒரு சம்பவமாகவே யார் நினைவிலும் நிற்காது, என்னைத் தவிர.

ஊசி வேண்டாம், ஆனால் சொட்டு மருந்தும் போதாது என்ற நிலையில் இருப்பவர்களுக்கு சப்டெனான். விழியைச் சுற்றியுள்ள டெனான் உறைக்கு அடியில், கூர்மையில்லாத குழாயால் மருந்து விடும் முறை இது. பயிற்சியில் ஒன்றே ஒன்றைத்தான் கையால் கற்க முடியும் என்றால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். மரக்கும் சொட்டு, அப்புறம் கிருமியைக் கொல்ல 5 சதவீத பொவிடோன் அயோடின். நோயாளியை மேலே, வெளிப்பக்கமாகப் பார்க்கச் சொல்லி, உள் கீழ்ப்பக்கத்தில் கருவிழி ஓரத்திலிருந்து 5 மில்லிமீட்டர் தள்ளி, மேல்தோலையும் டெனான் உறையையும் சேர்த்துப் பற்றித் தூக்கி, சின்னக் கத்தரியால் ஒரு வெட்டு. வெள்ளையாக, பளபளப்பாக ஸ்கிளீரா, அதாவது விழியின் வெளிச்சுவர், தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் நீங்கள் இன்னும் மேல் அடுக்கில்தான் இருக்கிறீர்கள். மருந்து முழுக்க மேலேயே உப்பி நிற்கும். முனை மழுங்கிய வளைந்த கேனுலாவை (மெல்லிய குழாயை) விழியின் வளைவோடு ஒட்டி வழுக்கவிட்டு 3 முதல் 5 மில்லி. முறை புதியதல்ல. 1884லேயே சொல்லப்பட்டு, மறந்துபோய், 1990களில் திரும்பி வந்தது. கண் கொஞ்சம் சிவக்கும், வீங்கும். கண்நீர் அழுத்தத்துக்கு ஆபரேஷன் செய்யும் சர்ஜன்கள் அந்தத் தோல் தங்களுக்கு வேண்டும் என்று முகம் சுளிப்பார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. அதனால் முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பழகுவதற்கு ஆட்டுக் கண் போதும். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் சொல்லி வைத்தால் பத்து கண் கிடைக்கும். கண் டாக்டர்கள் அதில்தான் தையல் பழகுகிறார்கள், நாம் பழகக்கூடாதா?

இந்த 1884க்கு இன்னொரு பெருமை உண்டு. வியன்னாவில் கார்ல் கோலர் என்ற இளம் டாக்டர் கொகெய்ன் கரைசலைக் கண்ணில் விட்டு, கண் மரத்துப்போவதைக் காட்டிய வருடம் அதுதான். உடம்பின் ஒரு பாகத்தை மட்டும் மரக்க வைத்து அறுக்கலாம் என்று மருத்துவ உலகம் கற்றுக்கொண்டதே கண்ணில்தான். நம் துறையில் பாதி, கண் டாக்டர்கள் போட்ட பிச்சை என்று நண்பர்களிடம் சொன்னால் அடிக்க வருகிறார்கள்.

சரி, பிளாக், அதாவது கண்ணை மரக்க வைக்கும் இந்த ஊசி, கெட்டுப்போனால்? மருந்து இரத்தத் தமனிக்குள் போனால் அது மூளைக்குப் பின்னோக்கி ஓடி, ஊசியை எடுக்குமுன்பே வலிப்பு வரும். அது உடனே தெரிந்துவிடும். நான் அதிகம் பயப்படுவது இன்னொன்றுக்கு. பார்வை நரம்பைச் சுற்றியுள்ள உறை மூளையின் உறையோடு தொடர்ந்தது. ஊசி அதற்குள் போனால் மருந்து மெதுவாக மூளைத் தண்டுக்கு நடந்து போகும். இரண்டு நிமிடத்திலும் வரலாம், இருபது நிமிடத்திலும் வரலாம். அதற்குள் நோயாளியைத் தள்ளுவண்டியில் வரிசையில் படுக்க வைத்துவிட்டு நீங்கள் அடுத்தவருக்குப் போயிருப்பீர்கள்.

நான் படித்து முடித்த புதிதில் ஒரு மருத்துவமனையில் பார்த்தது. பிளாக் போட்ட ஏழெட்டு நிமிடத்தில் ஒரு பெரியவர், "இந்தப் பக்கக் கண்ணும் இருட்டிட்டு வருதுங்களே" என்றார். நர்ஸ், "மருந்து போட்டா அப்படித்தான் இருக்கும், பேசாமப் படுங்க" என்று சமாதானம் சொல்லிவிட்டார். ஊசி போட்டது வலது கண்ணில்; அவர் சொன்னதோ இடது கண்ணை. அந்த ஒரு வாக்கியத்திலேயே எல்லாம் இருந்தது. எதிர்க் கண்ணின் பாப்பா விரிந்திருந்தது. நான் போய்ச் சேரும்போது பேச்சு குழறி, மூச்சு மேலோட்டமாகி, நிற்கப் போகிற கட்டம். பையும் முகமூடியும் வைத்து மூச்சுக் கொடுத்து, குழாய் போட்டு, இரத்த அழுத்தத்தைத் தூக்கிப் பிடித்தோம். இரண்டரை மணி நேரத்தில் கண் விழித்தார். இதற்கு மாற்று மருந்து கிடையாது. மருந்து கரையும் வரை மூச்சையும் நாடியையும் நீங்கள் சுமக்க வேண்டும், அவ்வளவுதான். செய்தால் முழுதாகத் திரும்பி வருவார். அதனால் வரிசையில் படுத்திருப்பவர்களுக்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர் வேண்டும், யாராவது ஒருவர் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். பயிற்சியில் இந்த நிலைமையை பொம்மை வைத்தாவது நான்கைந்து முறை நடத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

கண் பின்னால் இரத்தம் கட்டுவதும் உண்டு. இமை கல்போல் இறுகி, விழி முன்தள்ளி வரும். இமையின் வெளி ஓரத்தை வெட்டித் தளர்த்துவது கண் டாக்டரின் வேலை. ஆனால் முதலில் கவனிக்கப் போவது நீங்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரெலையும் இதற்காக நிறுத்த வேண்டியதில்லை. அதே வேலை செய்யும் வார்பரின் சாப்பிடுபவருக்கு ஐ.என்.ஆர். (இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் சோதனை) பார்த்துவிட்டு சொட்டு மருந்தோ சப்டெனானோ போதும் என்று முடிவு செய்யுங்கள். இதய ஸ்டென்ட்டை அடைக்கவிட்டுக் கண்ணைக் காப்பாற்றி என்ன பயன்?

நம் ஊருக்கே உரிய சில விஷயங்கள் எந்தப் பாடநூலிலும் கிடையாது. பஞ்சாலையில் முப்பது வருடம் நின்றவரின் இருமல். மல்லாந்து படுத்த பத்தாவது நிமிடம் தொடங்கும். கண் திறந்திருக்கும்போது ஒரு பலமான இருமல் வந்தால் உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும். முதல் நாளே வார்டில் தலையணை இல்லாமல், முகத்தில் துணி போட்டு அரை மணி நேரம் படுக்க வைத்துப் பாருங்கள். இதய பலவீனமும் இதில் தெரிந்துவிடும். அப்புறம் தாராபுரத்திலிருந்து முதல் பஸ் ஏறி, சர்க்கரை மாத்திரையை மட்டும் மறக்காமல் போட்டு, "ஆபரேஷன்னு சொன்னாங்க, அதான் ஒண்ணும் சாப்பிடலைங்க" என்று வருகிறவர். அவர் தியேட்டரில் குழப்பமாகப் பேசினால் மயக்க மருந்தைக் குறை சொல்லுமுன் விரலில் குத்திச் சர்க்கரை பாருங்கள். படபடப்புக்கு மிடாசோலம் கொடுத்துத் தூங்க வைப்பதைப் பழக்கமாக்க வேண்டாம். துணிக்கடியில் தூங்கிய கிழவர் திடுக்கிட்டு எழுந்து தலையைத் தூக்குவார். கையைப் பிடித்துக்கொள்ள ஒரு நர்ஸ் இருந்தால் பாதி மருந்து மிச்சம். கோவைக்கு வருகிறவர்களில் பாலக்காட்டு மலையாளமும் படுகரும் கன்னடமும் பேசுவோர் உண்டு. "அசையாதீங்க", "இருமல் வந்தா விரலைத் தூக்குங்க" இரண்டையும் அந்த மொழிகளில் கற்றுக்கொள்ளுங்கள்.

பாப்பா விரிக்கும் சொட்டு மருந்தையும் மருந்தாகவே எண்ணுங்கள். பினைலெஃப்ரின் 10 சதவீதத்தை அவசரத்தில் நான்கைந்து முறை விட்டுவிட்டு, இரத்த அழுத்தம் 220 என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். 2.5 சதவீதம் போதும்.

குழந்தைகள் தனி உலகம். மாறுகண் ஆபரேஷனில் தசையைக் கொக்கியால் இழுக்கும்போது நாடித்துடிப்பு 120லிருந்து 50க்கு இறங்கும், சில நேரம் நின்றே போகும். 1908லேயே எழுதி வைத்துவிட்டார்கள். முதலில் சர்ஜனைக் கையை விடச் சொல்லுங்கள். பெரும்பாலும் அதுவே போதும். இல்லையென்றால் நாடித்துடிப்பை ஏற்றும் அட்ரோபின், கிலோவுக்கு 20 மைக்ரோகிராம். அதைச் சிரிஞ்சில் எடுத்து வைக்காமல் மாறுகண் கேஸைத் தொடங்காதீர்கள். வாந்திக்கு ஆன்டான்செட்ரானும் டெக்சாமெத்தசோனும் சேர்த்தே கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அம்மாக்கள் ராத்திரி முழுக்க உங்களைத் திட்டுவார்கள். பிறவிப் புரை என்று வரும் குழந்தையின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைக்காமல் விடாதீர்கள். தாய்க்குக் கர்ப்பத்தில் ருபெல்லா (ஜெர்மன் அம்மை) வந்திருந்தால் இதயத்திலும் ஓட்டை இருக்கலாம். குறைமாதக் குழந்தைகளுக்கு விழித்திரைக்கு லேசர் செய்யும்போது மயக்கம் கொடுத்தால், கருத்தரித்ததிலிருந்து எண்ணி 60 வாரம் ஆகும் வரை மூச்சு திடீரென நிற்கும் ஆபத்து உண்டு. ஒரு ராத்திரியாவது மானிட்டரோடு கவனிக்க இடமில்லாத மருத்துவமனையில் அதைச் செய்யாதீர்கள். எவ்வளவு வற்புறுத்தினாலும்.

கண் கிழிந்து வருகிறவர்கள் கோவையில் நிறைய. லேத் பட்டறைச் சில்லு, தறியில் தெறித்த நாடா, தீபாவளிப் பட்டாசு. வயிறு நிறைந்திருக்கும். இங்கே பெரிபல்பார் கூடாது, முழு மயக்கம்தான். குழாய் போடுமுன் தசையைத் தளர்த்தக் கொடுக்கும் சக்சமெதோனியம் கண் அழுத்தத்தை எட்டுப் புள்ளி போல ஏற்றும் என்று பயமுறுத்துவார்கள். அரைகுறை மயக்கத்தில் குழாய் போட்டு இருமவிட்டால் அதைப்போல் பல மடங்கு ஏறும். அதற்குப் பதில் ரோகுரோனியம் தாராளமாகக் கொடுக்கலாம். பருத்திக் காட்டில் மருந்தடிக்கிறவராக இருந்தால் சக்சமெதோனியம் நீண்ட நேரம் நின்றுவிடக்கூடும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, மலை. விழித்திரை ஆபரேஷனில் கண்ணுக்குள் வாயு விடுவார்கள். ஒரு வகை இரண்டு வாரம் நிற்கும். சி3எஃப்8 என்ற இன்னொரு வகை ஆறு முதல் எட்டு வாரம். அந்தக் காலத்தில் வேறு ஏதாவது ஆபரேஷனுக்கு நைட்ரஸ் ஆக்சைடு கொடுத்தால் அது குமிழுக்குள் புகுந்து ஊதிவிடும். நைட்ரஜனைவிட 34 மடங்கு கரையக்கூடியது அது. பார்வை அங்கேயே போய்விடும். எலும்பு முறிவோடு ஈரோட்டுக்கு வருகிறவரிடம் "கண்ணில் வாயு இருக்கா" என்று யார் கேட்கிறார்கள்? நீங்களாவது கேளுங்கள். ஊட்டி இன்னும் மோசம். கோவை கடல் மட்டத்துக்கு மேல் 400 மீட்டர் சொச்சம், ஊட்டி 2,240. காற்றழுத்தம் குறையக் குறையக் குமிழ் விரியும். மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறி மேலே போய்ச் சேருவதற்குள் அது கால் பங்கு பெரிதாகப் பார்க்கும். கண்ணில் இடம் ஏது? வலி, வாந்தி, பார்வை மங்கல். வீடு எந்த ஊர் என்று ஆபரேஷனுக்கு முன்பே கேட்டு சர்ஜனிடம் சொல்லுங்கள். வாயுவுக்குப் பதில் சிலிக்கான் எண்ணெய் விடலாம், அதற்கு இந்தத் தொல்லை இல்லை. அல்லது குமிழ் கரையும் வரை காரமடையில் சொந்தக்காரர் வீட்டில் இருக்கட்டும். குன்னூர், கோத்தகிரி, வால்பாறை, ஏற்காடு எல்லாவற்றுக்கும் இதே கேள்விதான்.

எங்கே போய்க் கற்பது? கண் மயக்கவியலுக்கென்று தனி டி.எம்., அதாவது எம்.டி.க்கு மேற்பட்ட பட்டம், கிடையாது. பெரிய கண் மருத்துவமனைகளில் பெல்லோஷிப்பாகவோ சில வாரப் பயிற்சியாகவோதான் கற்க வேண்டும். டாக்டர் வெங்கடசாமி 1976இல் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை 1997இல் கோவைக்கு வந்தது. சங்கரா கண் மருத்துவமனை இங்கேயே வளர்ந்தது. நோயாளி எண்ணிக்கைக்கு நாம் டெல்லிக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் எண்ணிக்கையை மட்டும் பார்த்து மயங்காதீர்கள். கண்புரையில் பல இடங்களில் கண் டாக்டரே பிளாக் போட்டுவிடுவார். நீங்கள் ஆறு மாதமும் வேடிக்கை பார்த்துவிட்டு வரலாம். சேருமுன் கேளுங்கள்: சப்டெனான் என் கையால் எத்தனை போடுவேன்? மாதத்துக்கு எத்தனை குழந்தைகள், எத்தனை விழித்திரை கேஸ்? முன்பரிசோதனை அறையில் உட்கார வைப்பீர்களா? கடைசிக் கேள்விக்கு இல்லை என்றால் வேறு இடம் பாருங்கள். சான்றிதழைவிட உங்கள் கேஸ் நோட்டுக்குத்தான் மதிப்பு.

உங்களைக் கூப்பிடும் அந்தக் கோவை மருத்துவமனைக்கு, சம்பளம் பேசுமுன் ஒரு நாள் காலை ஏழு மணிக்குப் போய் நில்லுங்கள். பிளாக் அறையில் எத்தனை பேருக்கு ஆக்சிமீட்டர் மாட்டியிருக்கிறது என்று எண்ணுங்கள். அவசர டிராலியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். சாவியைத் தேடினால், சம்பளத்தை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.